ஊசி ஊர்கிறது

விளக்கின் வெள்ளொளியில், செயற்கை இடுப்பு மூட்டுக்கான உலோக உருண்டைமேல் சொரசொரப்பை அளக்கும் வைர ஊசி எறும்பைவிட மெதுவாக ஊர்கிறது. இதற்கு முன் அக்கா மெருகேற்றிய உருண்டைகளையெல்லாம் சொரசொரப்பு கூடுதல் என்று தள்ளிவிட்டவள், சோதனைக்காரியான அவளுடைய சொந்தத் தங்கைதான். அக்கா இப்போது மேசையில் கையூன்றி நிற்கிறாள்.

"கொஞ்சம் பாத்துப் போடுடி."

"ஊசிக்கு அக்கா தங்கச்சியெல்லாம் தெரியாதுக்கா. மேசையில சாயாத, கோடு ஆடும்."

அக்கா வெடுக்கென்று கையை எடுக்கிறாள். திரையில் பச்சைக் கோடு மேடுபள்ளம் அதிகமில்லாமல் நீள்கிறது. ஊசி நிற்கிறது. எண் மின்னுகிறது. எல்லைக்குள்! நாற்காலி உருண்டோட எழுந்த தங்கை, அக்காவை அப்படியே கட்டித் தூக்கிச் சுற்றுகிறாள்.

"விடுடி, எல்லாரும் பாக்குறாங்க!"

"பாக்கட்டுமே!"

கால் தரையில் படாமல் அக்கா சிரிக்கிற சிரிப்பில், பக்கத்துக் கடைசல் இயந்திரங்களின் இரைச்சலே கேட்கவில்லை.