ஏழேழு நாற்பத்தொன்பது

ரெக்கார்டிங் ஸ்டூடியோவில் பன்னிரண்டாவது டேக்குக்குச் சிவப்பு விளக்கு எரிந்தபோது தம்பிக்குக் கை பரபரவென்றிருந்தது.

கண்ணாடித் தடுப்புக்குள் டிரம்ஸோடு அவன் மட்டும். எதிரே பெரிய அறையில் மற்ற நால்வர்: பாட்டெழுதிப் பாடும் அக்கா, பேஸ் வாசிக்கும் அத்தான், கீபோர்டில் ஒரு கணக்கு வாத்தியார், நீளக் கழுத்தால் ஒட்டகம் என்றே பெயராகிவிட்ட கிடார்க்காரன்.

ஒட்டகம் சாயங்காலம் கப்பல் வேலைக்குக் கிளம்புகிறான். போனால் இரண்டு வருஷம். இப்போது முடியாவிட்டால் அக்கா ஆறு வருஷம் உயிரைக் கொடுத்துச் செய்த ஆல்பம் கடைசிப் பாட்டில்லாமல் மூளியாக நிற்கும்.

பதினெட்டு நிமிடப் பாட்டு. சிலுவையில் தொடங்கிக் காலிக் கல்லறையில் முடிகிறது. தாளம் ஐந்தில் ஓடும், ஒன்பதில் நொண்டும், பதினொன்றில் பாயும். அதற்கெல்லாம் யாரும் அசரவில்லை. எல்லோரும் சறுக்கியது மௌனத்தில்தான்.

நடுவில், இயேசு கல்லறையில் கிடந்த அந்தச் சனிக்கிழமை வருகிறது. சுற்றுக்கு ஏழு தட்டு, அப்படி ஏழு சுற்று மனசுக்குள்ளேயே எண்ண வேண்டும், மூச்சுச் சத்தம்கூடக் கூடாது. நாற்பத்தொன்பது முடிந்ததும் ஐந்து பேரும் ஒரே அடியாக எழ வேண்டும். வழக்கமாக ஹெட்போனில் டிக் டிக் என்று தாளம் காட்டும் கிளிக்கையும் அந்த இடத்தில் அக்கா நிறுத்தச் சொல்லிவிட்டாள்.

“அந்தச் சனிக்கிழமை அழுதுட்டு உக்காந்திருந்தவங்களுக்கு, மறுநாள் என்ன நடக்கும்னு யாரு வந்து சொன்னா?”

நியாயம்தான். ஆனால் பதினோரு தடவையும் யாராவது ஒருவர் முந்தினார்கள், இல்லை பிந்தினார்கள். அதில் நான்கு தடவை கணக்கு வாத்தியார். பிள்ளைகள் கேட்டால் மானம் போய்விடும்.

கம்ப்யூட்டரில் நகர்த்திச் சரிசெய்துவிடலாம் என்று ஒலிப்பதிவு இன்ஜினியர் சொல்லிப் பார்த்தார். ஒட்டுப்போட்ட உயிர்த்தெழுதல் வேண்டாம் என்று அக்கா முறைத்துவிட்டாள்.

டேக்குக்கு முன் நால்வரும் தலைகுனிந்து ஜெபித்தார்கள். தம்பி குச்சியைத் துடைத்தான். அவனுக்குச் சாமியும் இல்லை, பூதமும் இல்லை. கோணல் தாளம் வாசிக்க ஆசைப்பட்டுச் சேர்ந்தவன். அதை யாரிடமும் ஒளித்ததும் இல்லை.

பாட்டு புறப்பட்டது.

என்ன புறப்பாடு அது! ஐந்தில் பறந்தார்கள். ஒன்பதில் அத்தானின் பேஸ் நெஞ்சுக்குள் இடித்தது. சிலுவையின் கடைசிக் கதறலில் அக்காவின் குரல் உடைந்தது, நடிப்பில்லாமல் உடைந்தது. தம்பிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

மௌனம்.

முதல் சுற்று. இரண்டாம் சுற்று. கண்ணாடிக்கு அப்பால் யாரும் அசையவில்லை.

தம்பியின் குச்சி உயர்ந்து இறங்கியது.

ஒரே அடி. ஐந்து பேரும் ஒரே ஆளாக எழுந்தார்கள். ஒட்டகத்தின் கிடார் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது, அக்கா சிரித்துக்கொண்டே பாடினாள். மீதி ஏழு நிமிடமும் எப்படிப் போனதென்றே தெரியவில்லை.

முடிந்ததும் அத்தான் வாத்தியாரைத் தூக்கிச் சுற்றினார். ஒட்டகம் தரையில் மல்லாந்து கிடந்து கத்தினான். இன்ஜினியர் திரையில் மௌனத்தை அளந்தார். நம்பாமல் இன்னொரு முறை அளந்தார்.

நாற்பத்தொன்பது. இம்மி பிசகவில்லை.

அக்கா கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து, வியர்த்துக் கிடந்த தம்பியின் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தமிட்டாள்.

“இந்தத் தடவை நாங்க நாலு பேரும் எண்ணவே இல்லடா. வாசிக்கிறதுக்கு முன்னாடியே பேசி வெச்சுக்கிட்டோம். உன் கையை மட்டும் நம்பி நின்னோம்.”

தம்பி சிரித்தபடி தலையாட்டினான்.

அந்த மௌனத்தின் மூன்றாம் சுற்றில் நிமிர்ந்தபோது நான்கு ஜோடிக் கண்கள் இமைக்காமல் அவனையே பார்த்திருந்தன. அந்தப் பார்வையில் அவனுக்கு எண்ணிக்கை தவறிப்போயிற்று. அதற்குப் பிறகு அவன் எண்ணவே இல்லை.