நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப் பார்த்ததும் தலைமை மருந்தாளுநரின் கையிலிருந்த பதினொரு மணித் தேநீர் தளும்பிக் கால்சட்டையில் கொட்டியது. சுட்டதுகூட அவருக்குத் தெரியவில்லை.

அன்று காலைதான் அச்சகத்திலிருந்து வந்திருந்தது மருந்துக் கையேட்டின் புதிய பதிப்பு. எந்த மருந்தை யாருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று அந்த மருத்துவமனையின் டாக்டர்களும் நர்சுகளும் புரட்டிப் பார்க்கிற சின்ன நீலப் புத்தகம். மூன்று வருடத்துக்கு ஒருமுறை அதைத் திருத்தி வெளியிடுவது அவர் பொறுப்பு.

மருத்துவமனையில் அவருக்குப் 'புள்ளி சார்' என்று பெயர். அச்சுப்படியில் ஒரு தசமப் புள்ளி மங்கலாக விழுந்தாலும் அச்சகத்தாரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். காப்பிக்குச் சர்க்கரையைக்கூட எடை போட்டுத்தான் போடுவார் என்று அவர் மனைவி சொந்தக்காரர்களிடம் எல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

அப்பேர்ப்பட்டவர் கோட்டை விட்டிருந்தார்.

குழந்தைகளுக்கான வலிப்பு மருந்து. எண் சரி. புள்ளியும் சரி. ஆனால் அது ஒரு நாள் முழுவதற்குமான அளவு, மூன்றாகப் பிரித்துக் கொடுக்க வேண்டியது. அது உட்கார்ந்திருந்ததோ 'ஒரு வேளைக்கு' என்ற தலைப்பின் கீழ்.

அப்படியே கொடுத்தால் குழந்தை தூங்கிப்போகும். மூச்சும் கூடவே தூங்கிப்போகலாம்.

அலமாரியிலிருந்து முந்தைய பதிப்பை உருவிப் பார்த்தார். அதிலும் அதே தப்பு. அதற்கும் முந்தையதில் சரியாக இருந்தது. அப்போது நாளுக்கு ஒரு கட்டம், வேளைக்கு ஒரு கட்டம் என்று இரண்டு இருந்தன. பக்கம் குறையட்டுமே என்று இரண்டையும் ஒன்றாக்கியவர் அவர். எண்களை நகர்த்தியவரும் அவர். வேறு யாரையும் நம்பாமல், லீவு நாளில் உட்கார்ந்து செய்த வேலை.

மூன்று வருடம். எத்தனை குழந்தைகள்?

புதுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். லிஃப்ட்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. நாலு மாடிப் படிகளையும் ஓட்டமாக ஏறினார். வழியில் வணக்கம் சொன்னவர்கள் யார் என்றே அவருக்குப் புரியவில்லை.

குழந்தைகள் வார்டின் தலைமை நர்ஸ், பன்னிரண்டு மணி மருந்துகளைத் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். பேயறைந்த முகத்தோடு வந்து நின்றவரைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. பக்கத்தை விரித்து விரலை வைத்தார்.

அவள் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இதுவா சார்? பழைய புக்கு வந்த முதல் வாரமே கண்டுபிடிச்சுட்டோமே. பேனாவால அடிச்சுத் திருத்தி, எல்லா வார்டுக்கும் போன் பண்ணிச் சொல்லிட்டோம். ஒரு பிள்ளைக்குக்கூட அப்படிப் போகல."

இப்போது அவர் உட்கார்ந்தார். போன உயிர் திரும்பி வந்தது. அந்த அம்மாளின் காலில் விழுந்தால்கூடத் தகும் என்று தோன்றியது. தன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்கத்தான் கேட்டார். ஆனால் குரலில் கோபம் இல்லை.

பிழை தெரிவிக்கும் படிவத்தை அப்போதே நிரப்பி டாக்டர் மேசையில் வைத்தாளாம். டாக்டர் கையெழுத்து இல்லாத படிவத்தைத் தொகுப்பாசிரியரான அவர் வாங்கமாட்டார் என்று படிவத்திலேயே எழுதியிருக்கிறதே. கையெழுத்தாகி வந்து சேர்ந்திருக்கும் என்று இருந்துவிட்டாளாம்.

எந்தப் படிவமும் வரவில்லை. வராததைப் பிழையே இல்லை என்று எடுத்துக்கொண்டு, வருடாந்திரக் கூட்டத்தில் அவர் பெருமையாகச் சொல்லியும் இருந்தார்.

அவள் புத்தகத்தை மூடி அட்டையைப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"சார், இது புதுசு. புதுசுலயும் திருத்தலையா? அப்போ மத்ததெல்லாம்?"

"மத்ததுன்னா?"

"இது ஒண்ணு மட்டுமா சார்? மூணு வருஷமா பேனாவால திருத்திக்கிட்டே இருந்தோம். பெரிய தப்பு நாலஞ்சு மனசுல இருக்கு. மீதியெல்லாம் புத்தகத்தப் பாத்துத்தான்."

அவர் கையை நீட்டினார். அந்தப் பழைய புத்தகத்தைக் கொடுங்கள் என்று கேட்டார்.

அவள் கொடுக்கவில்லை. கொடுக்க அவளிடம் இல்லை. காலை ஒன்பது மணிக்கு அவருடைய ஆட்கள் வந்து, புதியதைக் கொடுத்து, பழையதைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு எடுத்துப் போயிருந்தார்கள். பதினான்கு வார்டுகளிலும் அப்படியே. எல்லாம் காகிதம் அரைக்கும் இயந்திரத்துக்குப் போயாகிவிட்டது. புதிய பதிப்பு வந்த பிறகு பழைய பிரதி எந்த வார்டிலும் ஒரு மணி நேரம்கூட இருக்கக் கூடாது. யாரும் தப்பான அளவைப் பார்த்து மருந்து கொடுத்துவிடக் கூடாது. போன வாரம்தான் அந்தச் சுற்றறிக்கையில் அவர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

அவருடைய பார்வை தட்டுக்குப் போனது. அதிலிருந்து சுவர்க் கடிகாரத்துக்குப் போனது.

பத்து மணி மருந்தை எந்தப் புத்தகத்தைப் பார்த்துக் கொடுத்தீர்கள் என்று கேட்க அவர் வாயெடுப்பதற்குள், அவள் தட்டை அப்படியே போட்டுவிட்டுக் கட்டில்களை நோக்கி ஓடத் தொடங்கியிருந்தாள்.