முதலில் கண் திறப்பவர்

பழைய போர் விமானத்தின் இன்ஜின் சத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்க வேண்டும் என்பது அந்த ரசிகர்களின் வழக்கம். விமானம் தரையிறங்கும் முன் கண்ணைத் திறந்தவர் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். ஓடுதள வேலியோரம் திலகவதியும் அவர்களோடு கண்ணை மூடி நின்றாள். மேலே ஓட்டிக்கொண்டிருந்தவன் அவள் தம்பி. அடிவயிற்றை அதிரவைத்த உறுமல் தலைக்கு மேலே வந்ததும் ஒருமுறை இருமியது. மறுபடியும் இருமியது. பிறகு நின்றேபோனது. காற்றைக் கிழிக்கும் ஓசை மட்டும் கேட்டது.

“டீ நான் வாங்கித் தர்றேன். யாராவது கண்ணத் தொறந்து பாருங்களேன்,” என்றாள் திலகவதி.

பக்கத்தில் நின்றவரின் கை தடவித் தேடாமல் நேராக வந்து அவள் கையைப் பிடித்தது. அவர் பார்த்துவிட்டாரா என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.