முன் பம்பருக்கு வந்த கோபம்

ஒரு வீட்டில் ஒரு பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. ஞாயிறு தவறாமல் கடற்கரை வரை ஓடிவிட்டு வரும். ஒரு சனிக்கிழமை அதன் முதலாளி காரை ஜாக்கியில் தூக்கி, முன் பம்பரில் ஆறு ஓட்டை போட்டு, அதன் அடியில் ஸ்பாய்லர் என்ற புதுப் பட்டையை மாட்டினார்.

பம்பருக்குப் பொறுக்கவில்லை. "இருபது வருசமா எல்லா இடியையும் வாங்கினது நான். என்னை ஓட்டை போட்டு உன்னைத் தொங்க விட்டிருக்காரே, அப்படி என்னத்தைக் கிழிக்கப் போறே?"

"வேகமாப் போறப்ப கார் ரோட்டை விட்டு எழும்பாமப் பிடிச்சுக்குவேன் அண்ணே" என்றது ஸ்பாய்லர்.

"இவ்வளவு தாழத் தொங்குறியே, வாசல் சரிவுல இடிக்காதா?"

"அதெல்லாம் அளந்து பார்த்துத்தான் மாட்டினார்."

"ஜாக்கியில நிக்கிறப்ப அளந்தா? நாளைக்கு நான் கடலைப் பார்க்க வேணாமா?"

மறுநாள் முதலாளி சூடம் காட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துக் காரை எடுத்தார். பழம் நசுங்கியது. சரிவில் இறங்கியதுமே ஸ்பாய்லர் கர்ரென்று தரையில் உரசியது. காரைப் பின்னுக்கு எடுத்து, துணி போட்டு மூடிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பம்பர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது.

"பார்த்தீங்களா அண்ணே, கார் துளிகூட எழும்பலை" என்றது ஸ்பாய்லர், பெருமையாக.