ஆப்பிள் தோப்பில் துப்பாக்கி

"உங்க ஆளுங்களாலதான்டா நான் நாசமாப் போனேன்! தள்ளி நில்லு நசாரியோ!"

தோப்பு முதலாளி ஹார்லன் கத்திய கத்தலில் அவர் கையிலிருந்த துப்பாக்கியும் சேர்ந்து ஆடியது. நசாரியோ அசையவில்லை. அவன் முதுகை ஒட்டி இருந்தது, கூலியாட்கள் தங்கும் நீளமான கொட்டகையின் கதவு. ஆப்பிள் பறிக்கிற காலம். உள்ளே பதினைந்து, இருபது பேராவது இருப்பார்கள் என்று நினைத்தான். எல்லாரும் மெக்சிகோவிலிருந்து வந்த அவனுடைய ஆட்கள்.

நசாரியோவும் இதே தோப்பில் பன்னிரண்டு வருஷம் ஏணி தூக்கியவன்தான். இப்போது குடியேற்றக் காகிதமெல்லாம் சரியாகி, லாரி ஓட்டுகிறான். மூன்று வாரம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு அன்று காலையில்தான் மிச்சிகனுக்குத் திரும்பியிருந்தான். சாப்பிட உட்கார்ந்தபோது ஹார்லனின் மனைவி போன் செய்தாள்.

"துப்பாக்கியைத் தூக்கிட்டு ஆளுங்க தங்கற பக்கம் போறாரு நசாரியோ. உங்க ஆளுங்களைத் திட்டிக்கிட்டே போறாரு. என்ன பண்ணப் போறாரோ தெரியல. நீ சொன்னாத்தான் கேப்பாரு, ஓடி வா!"

வரும் வழியெல்லாம், கொட்டகையில் தங்கி வேலை செய்யும் நண்பன் பிலெமோனுக்குப் போன் போட்டுப் பார்த்தான். அணைத்து வைத்திருந்தது.

"பாஸ், மொதல்ல அதைக் கீழ வைங்க. பேசிக்கலாம்."

"பேசறதுக்கு என்ன இருக்கு? திங்கக்கிழமை பேங்க்காரன் வர்றான். எங்க தாத்தா நட்ட தோப்புடா இது! ஏலத்துக்குப் போகப் போகுது. யாரால? உங்க ஆளுங்களால!"

நசாரியோவுக்குப் பழகிய பாட்டுதான். பெட்ரோல் விலை ஏறினால் அரபிக்காரன் காரணம். டிராக்டர் மக்கர் செய்தால் ஜப்பான்காரன். பழச்சாறு விலை விழுந்தால் சீனாக்காரன். மிச்சம் மீதி எதுவானாலும் மெக்சிகோக்காரன் தலையில். நசாரியோவின் ஊரில் சோளம் பொய்த்தால் உள்ளூர் மந்திரியைத்தான் மண்ணை வாரித் தூற்றுவார்கள். திட்டுவதற்கு ஆள் தேடி எல்லை தாண்டிப் போகிற வழக்கம் அங்கே கிடையாது. இந்த அமெரிக்க கிரிங்கோக்களுக்கு மட்டும் சொந்த ஊரில் ஒரு குற்றவாளிகூடக் கிடைப்பதில்லை.

ஆனால் நசாரியோவின் மகளுக்கு ஜன்னி கண்டபோது, கொட்டுகிற பனியில் வண்டி ஓட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தவரும் இதே ஹார்லன்தான். வெளிநாட்டுக்காரர்களை விரட்டச் சொல்லும் தேர்தல் பலகையைத் தோப்பு வாசலில் நட்டவரும் அவர்தான். "இது உங்களுக்கு இல்லடா, மத்தவனுங்களுக்கு" என்று அன்று தோளில் தட்டிச் சொன்னார். அந்த மத்தவனுங்க யார் என்று நசாரியோ கேட்கவில்லை. இந்த மனிதர்களை வெறுக்கவும் முடியவில்லை, நம்பவும் முடியவில்லை. அதுதான் அவனுக்கு வேதனை.

கதவுக்குப் பின்னால் ஒரு சத்தமும் இல்லை. திரைகளெல்லாம் இழுத்து மூடிக் கிடந்தன. பயத்தில் மூச்சை அடக்கிக் கொண்டிருக்கிறார்கள். அப்படியே இருங்கப்பா, ஒருத்தரும் வெளியே வராதீங்க என்று மனதுக்குள் கெஞ்சினான்.

"பிலெமோன் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணான் பாஸ்?"

"அவன் பேரை எடுக்காதே! என் வீட்டு மேஜையில உக்காந்து சாப்பிட்டவன். மூஞ்சிக்கு நேரா சிரிச்சுட்டு முதுகுல குத்திட்டான்."

"அவனுக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க."

"எனக்கு மட்டும் புள்ளைங்க இல்லையா? விலகுடா!"

ஹார்லன் இரண்டு எட்டு முன்னால் வந்து துப்பாக்கியை உயர்த்தினார். நசாரியோ கைகளை விரித்துக் கதவை மறைத்துக்கொண்டான்.

"மொதல்ல என்னைச் சுடுங்க. அப்புறம் உள்ள இருக்கறவங்களைச் சுடலாம்."

ஹார்லன் வாயைப் பிளந்தபடி அவனைப் பார்த்தார். துப்பாக்கி தானாகக் கீழே இறங்கியது.

"உன்னை எதுக்குடா சுடறேன்? மூளை கீளை கலங்கிடுச்சா? கொட்டகை ஓரத்துல மான் நிக்குது, அதைச் சுட வந்தேன். நடுவுல வந்து நின்னுக்கிட்டு வசனம் பேசறே. இந்நேரம் அது ஓடியே போயிருக்கும்!"

"மானா?"

"மான்தான். கூட்டம் கூட்டமா வருது. கீழ விழுந்த பழத்தையெல்லாம் தின்னுட்டு, இப்ப கிளைக்கும் தாவுது."

"உள்ள இருக்கறவங்க…"

"உள்ளயா?" ஹார்லன் அவனைத் தள்ளிவிட்டுக் கதவை எட்டி உதைத்தார். "பார்! நல்லாக் கண்ணைத் திறந்து பார்!"

வெறும் கட்டில்கள். மடித்து வைத்த கம்பளிகள். அடுப்பு சில்லிட்டுக் கிடந்தது.

"ரெண்டு வாரம் முன்னாடி, குடியேற்றப் போலீஸ் வருதுன்னு எவனோ சொல்லியிருக்கான். விடியறதுக்குள்ள ஒருத்தன் இல்ல, உன் பிலெமோனும்தான். உள்ளூர்ல கெஞ்சிப் பார்த்துட்டேன், ஏணி ஏற ஒரு பய வரல. பழம் பூரா மரத்தடியில அழுகுது நசாரியோ."

ஹார்லன் ஒரு கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தார். அவர் கண்ணில் நீர் கோத்திருந்தது. பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நசாரியோவால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அவங்களைத் துரத்தணும்னுதானே பாஸ் நீங்க ஓட்டுப் போட்டீங்க?"

"போட்டேன். நான் இல்லைங்கலையே!" ஹார்லன் மூக்கை உறிஞ்சினார். "அதுக்காக நிஜமாவே போயிடறதா? நன்றி கெட்ட வெளிநாட்டுக்காரனுங்க!"