ஹேஸ் லிவ்ட்

அப்பா இறந்த பிறகுதான் அம்மா போனில் ஆங்கிலம் படிக்க ஆரம்பித்தாள். அன்றைய பாடம் கணவரைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதச் சொன்னது. இந்த வீட்டில் இருபது வருஷம் வாழ்ந்தார் என்பதற்கு அம்மா 'லிவ்ட்' போட்டாள். தப்பு என்று சிவப்பு காட்டி, 'ஹேஸ் லிவ்ட்' என்று போன் திருத்தியது.

"அப்படிப் போட்டா இன்னும் இங்கதான் இருக்காருன்னு அர்த்தம்மா. நீ போட்டதுதான் சரி," என்றேன்.

நானே மறுபடி 'லிவ்ட்' போட்டேன். மறுபடியும் சிவப்புதான். போன வருஷம் தவறிய பெரியப்பாவுக்கு அதே 'லிவ்ட்' போட்டுப் பார்த்தேன்; உடனே சரி என்று பச்சை காட்டியது.

அம்மா சோபாவில் தன் பக்கத்துக் காலியிடத்தைப் பார்த்தாள்.

"அதானே! தோள்ல ஏதோ இடிச்சுக்கிட்டே இருக்கேன்னு பார்த்தேன்," என்று கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

அவள் விட்ட இடத்தில் மெத்தை மெல்ல அமுங்கியது.