விட்டுவிடு

திரையில் அந்தப் பெட்டி தோன்றியது.

'மாற்றங்களைச் சேமிக்கவா?'

கீழே இரண்டு பொத்தான்கள். சேமி. விட்டுவிடு.

மேசைக்கு இந்தப் பக்கம் நின்று அவள் எட்டிப் பார்த்தாள். இரண்டாவது சொல் அவள் எழுதியது.

வெளியே ஆற்று வெள்ளம் பள்ளிக்கூடத்தின் மூன்றாம் படியைத் தொட்டிருந்தது. இந்தக் கரையில் படகில் மீட்கப்பட்டவர்களின் பெயர்களை, யார் எந்த முகாமில் என்று, எஸ்தர் டீச்சர் காலையிலிருந்து இந்தக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தார். படகுக்காரர்கள் போனில் சொல்லச் சொல்ல ஏற்றியது. காகிதத்தில் எதுவும் இல்லை. இப்போது போனும் செத்துவிட்டது.

அப்பாவைத் தேடி வந்த அவளுடைய முறை வந்தபோதுதான் பேட்டரி கீச்சிடத் தொடங்கியது. டீச்சர் அவசரமாகக் கணினியை அணைக்கப் போனார்.

பெட்டி.

"பேரு ஏத்தினதோட சரி, நான் ஒண்ணையும் மாத்தலையே. இருந்த மாதிரியே விட்டுருவோம்" என்று சொல்லிக்கொண்டே டீச்சர் 'விட்டுவிடு' பக்கம் அம்புக்குறியை நகர்த்தினார்.

அவளுடைய கல்லூரி நாட்களில், ஒரு சனிக்கிழமை. சன்னல்கள், மெனுக்கள், பொத்தான்கள் என்று கணினித் திரை முழுவதையும் நடத்தும் இலவச டெஸ்க்டாப் மென்பொருள். பல தேசங்களில் முகம் தெரியாதவர்கள் சம்பளமில்லாமல் சேர்ந்து கட்டியது. அதன் சொற்களைத் தமிழில் எழுத ஆள் கேட்டார்கள். ஒரே நாளில் இருநூறு வரிகள் எழுதினாள். 'வேண்டாம், தூக்கிப் போடு' என்று வர வேண்டிய இடத்தில் 'விட்டுவிடு' என்று போட்டாள்.

கூட இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

ஆறு வருடமாகிறது. யாரும் திருத்தவில்லை. அவளும் திரும்பிப் பார்க்கவில்லை.

"டீச்சர், தொடாதீங்க!"

மேசைக்கு மேலாகப் பாய்ந்து அவர் கையைப் பிடித்துவிட்டாள். வரிசையே அதிர்ந்து நின்றது.

"அத அமுக்கினா எல்லாம் அழிஞ்சிரும். சேமி... சேமிய அமுக்குங்க."

டீச்சர் அமுக்கினார். பெட்டி மறைந்தது. அடுத்த நொடி திரையும் கறுத்தது.

"எந்தக் கிறுக்கன் இப்பிடி எழுதி வச்சான்?" என்றார் டீச்சர்.

அவள் டீச்சரின் கையை விட்டாள்.

ஜெனரேட்டர் ஓட அரை மணி நேரம் ஆனது. பட்டியல் முழுசாக இருந்தது. நானூற்றுப் பதினோரு பேர். டீச்சர் மேலிருந்து கீழே இரண்டு தடவை பார்த்தார். அப்பா பலவேசத்தின் பெயர் இல்லை.

"பயப்படாதம்மா. அப்பா அக்கரை ஸ்கூல் கேம்புல இருப்பாங்க. ஆனா அங்க லிஸ்ட்டு இல்ல. போன் இருக்கும்போது சொன்னாங்க. எறநூறு பேர ஏத்தி வச்சிருந்தாங்களாம். மத்தியானம் பாத்தா ஒரு பேரு கூட இல்லயாம். என்ன ஆச்சுன்னே தெரியலங்காங்க."



"அங்கயும் இதே கம்ப்யூட்டரா டீச்சர்?"

"எல்லா ஸ்கூலுக்கும் ஒண்ணாத்தான போட்டுக் குடுத்தாங்க."

அவள் படியிறங்கி ஓடினாள். அக்கரைப் படகு கிளம்பிக்கொண்டிருந்தது. இடுப்பளவு தண்ணீரில் நடந்து போய் விளிம்பைப் பிடித்தாள்.

"யாரத் தேடிப் போறிய?" என்றார் படகுக்காரர்.

அப்பாவின் பெயரை மட்டும் சொன்னால் போதுமா, அழிந்துபோன அந்த இருநூறு பேரையும் சொல்ல வேண்டுமா என்று அவளுக்குத் தெரியவில்லை.